வான்வழித் தூரமும் பயண நேரமும்

ஜமுனாமரத்தூரிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்? இக்கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. சாலை வழியே 200 கி.மீ.க்கு மேல். காகம் பறக்கும் வழியே எவ்வளவு? நாம் படித்த பித்தாகரஸ் தேற்றமே அதைச் சொல்லிவிடும்.

அட்லஸைத் திறந்தோம். நம் ஊர் ஏறத்தாழ 12.6 பாகை வடக்கு, 78.9 பாகை கிழக்கு. சென்னை 13.1 பாகை வடக்கு, 80.3 பாகை கிழக்கு. தெற்கு வடக்காக ஒரு பாகைக்குச் சுமார் 111 கி.மீ. ஆகவே அரைப் பாகைக்கு 55 கி.மீ. கிழக்கு மேற்காக நம் பகுதியில் ஒரு பாகைக்குச் சுமார் 108 கி.மீ. எனவே 1.4 பாகைக்கு 151 கி.மீ. இவ்விரண்டும் செங்கோணத்தின் இரு பக்கங்கள். கர்ணம் 160 கி.மீ.! (பூமி உருண்டையாயிற்றே என்று கேட்கலாம். இத்தனை சிறு தூரத்தில் அந்த வளைவு கணக்கைக் கெடுக்காது.)

மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் செல்லும் ஜெட் விமானத்திற்கு இது 12 நிமிடம். பஸ்ஸில் மலையிறங்கி, வண்டி மாறிச் சென்றால் ஐந்தாறு மணி நேரம்!

ஆனால் விமானத்தின் கணக்கும் அத்தனை எளிதன்று. லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே நேர்க்கோட்டில் 344 கி.மீ. வகுத்துப் பார்த்தால் 26 நிமிடம் வரும். கால அட்டவணையிலோ ஏறத்தாழ ஒன்றேகால் மணி. சென்னை - மதுரை 420 கி.மீ.க்கும் இதே கதைதான். ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லவும், உயரே ஏறவும், பிறகு மெல்ல இறங்கவும் நேரம் ஆகிறது. சிறு பயணத்தில் முழு வேகத்தில் பறக்கும் நேரமே கொஞ்சம்தான். 1919 ஆகஸ்ட் 25 அன்று லண்டன் - பாரிஸ் தினசரி விமானச் சேவை தொடங்கியபோது ஒரே ஒரு பயணி சென்றார். பயணம் சுமார் இரண்டரை மணி நேரம் பிடித்தது.

இன்னொரு வேடிக்கை. பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பாரிஸில் காலை 10 மணிக்குப் புறப்படுபவர் லண்டனில் 10.15க்கு இறங்குவார். லண்டனில் 10க்குப் புறப்படுபவரோ பாரிஸில் இறங்கும்போது பகல் 12.15! இதைப் பார்த்து ஒரு வழிக்குக் கால் மணி, மறுவழிக்கு இரண்டேகால் மணி என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

நீண்ட தூரத்தில் காற்றும் கணக்கில் சேரும். உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்றால் லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழு மணி நேரம் என்ற அளவில் ஆகிறது.

நம் மலையில் பெரியவர்களிடம் வழி கேட்டால் கிலோ மீட்டரில் சொல்ல மாட்டார்கள். "ஒரு மணி நேர நடை" என்பார்கள். அதுவே சரியான அளவு என்று இப்போது தோன்றுகிறது. பாம்பு கடித்தவரைக் கீழே கொண்டு செல்பவர்களுக்குக் கர்ணத்தின் நீளம் எதற்கு? ஆகவே போளூர், வேலூர், திருப்பத்தூர் மூன்றுக்கும் நேர்க்கோட்டுத் தூரத்தைக் கணக்கிட்டு, பக்கத்தில் சாலைத் தூரத்தையும், பகலில் ஆகும் நேரத்தையும், இரவில் ஆகும் நேரத்தையும் எழுதத் தொடங்கியுள்ளோம். இரவு நேரம் என்ற பத்திதான் இன்னும் நிரம்பவில்லை. அதற்கு ஓட்டுநர்களைக் கேட்க வேண்டும்.