ஊர்கூடிக் காக்கும் உடல்நலம்

நுழையும்முன்

பருவங்கள் மாறும்போது நோய்களும் மாறுகின்றன. மழையோடு காய்ச்சலும், பனியோடு இருமலும், வேனிலோடு அம்மையும் வருவதை ஒவ்வொரு குடும்பமும் அறியும். வருவது முன்கூட்டியே தெரிந்தும் அவற்றைத் தடுக்க இயலாமற்போவது ஏன்? ஒரு வீடு தன்னளவில் செய்யும் காப்பு ஏன் போதாமல் போகிறது? பருவகால நோய்களின் இயல்பையும், அவற்றை ஊர் ஒன்றுகூடித் தடுக்கும் வழிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

பருவமும் பிணியும்

தமிழர் ஓர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியில் தொடங்கும் ஒவ்வொரு பொழுதும் இரண்டு திங்கள் நீடிக்கும். உழவும் உணவும் விழாவும் இப்பகுப்பை ஒட்டியே அமைந்தன. நோய்களும் அவ்வாறே பருவத்தை ஒட்டி வருகின்றன. நோயை உண்டாக்கும் நுண்ணுயிரும் அதைச் சுமந்து திரியும் கொசு, எலி போன்றவையும் வெப்பம், ஈரப்பதம், தேங்கும் நீர் ஆகியவற்றைச் சார்ந்து பெருகுவதே இதற்குக் காரணமாகும்.

இவ்வுண்மையைப் பண்டைய அறிஞரும் உணர்ந்திருந்தனர். நோயாளியின் நிலை, நோயின் அளவு ஆகியவற்றோடு காலத்தையும் கருதி மருத்துவர் செயல்பட வேண்டும் என்று திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் அறிவுறுத்துகிறது. மருத்துவருக்குக் கூறப்பட்ட இவ்வறிவுரை, நோய் வருமுன் காக்க விரும்பும் குடும்பங்களுக்கும் ஊர்களுக்கும் பொருந்தும்.

மழைக்காலமும் கொசுவும்

தமிழ்நாடு ஆண்டுதோறும் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் திசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே தருகிறது. குளங்களையும் கிணறுகளையும் நிரப்பும் அம்மழை, வீட்டைச் சுற்றிக் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், உடைந்த குடம், பயன்பாட்டில் இல்லாத ஆட்டுக்கல் ஆகியவற்றையும் நிரப்புகிறது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு முட்டையிட அந்தச் சிறிதளவு நீரே போதும்.

சாக்கடை நீரில்தான் எல்லாக் கொசுக்களும் வளரும் என்பது பரவலான எண்ணம். ஏடிசு கொசு பெரும்பாலும் தெளிந்த நீரையே நாடுகிறது, பகலில் கடிக்கிறது. எனவே, இரவில் மட்டும் கொசுவலை கட்டுவதால் டெங்குவைத் தடுக்க இயலாது. முட்டையிலிருந்து இளம்புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் மாறி, சிறகு முளைத்துப் பறக்க இக்கொசுவுக்கு ஏழு முதல் பத்து நாள்கள் வரை தேவைப்படுகின்றன. வாரத்தில் ஒரு நாளை ‘உலர் நாள்’ என வகுத்து, நீர்க்கலன்களைக் கவிழ்த்துக் காயவைத்தால் அவ்வளர்ச்சி இடையிலேயே அறுந்துவிடும். நீரைக் கொட்டுவதோடு கலத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதலும் வேண்டும். கலத்தின் சுவரில் ஒட்டிய முட்டைகள் நீர் வற்றிய பின்பும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும்.

ஒரு வீடு மட்டும் இதனைச் செய்தால் பயன் முழுமையடையாது. ஏடிசு கொசு நெடுந்தொலைவு பறப்பதில்லை. தான் பிறந்த இடத்தைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் வாழ்கிறது. ஆதலால், ஒரு தெருவில் கடிக்கும் கொசு அதே தெருவிலோ அடுத்த தெருவிலோ பிறந்ததாகவே இருக்கக்கூடும். ஒன்பது வீடுகள் தொட்டியை மூடிவைத்துப் பத்தாவது வீடு திறந்துவைத்தால், அங்குப் பிறக்கும் கொசு பத்து வீட்டுக் குழந்தைகளையும் கடிக்கும். பூட்டிக் கிடக்கும் வீடு, பாதியில் நிற்கும் கட்டடம், பள்ளியின் மேல்நிலைத் தொட்டி ஆகியவற்றையும் கவனிக்கும் பொறுப்பு தெருவினர் அனைவருக்கும் உரியது.

டெங்குக் காய்ச்சல் தணியும் வேளையில்தான் மிகுந்த விழிப்பு தேவை. காய்ச்சல் குறைந்ததும் நோய் நீங்கிற்று எனக் கருதுவோர் பலர். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவை அப்போது தோன்றினால் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆசுபிரின், ஐபுபுரோபன் போன்ற வலிநீக்கிகள் இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடும். ஆகவே, மருத்துவரைக் கேளாமல் அவற்றை உட்கொள்ளுதல் கூடாது.

> தெரிந்து தெளிவோம்
> மலேரியாவுக்குக் காரணமான ஒட்டுண்ணியைக் கொசுவின் உடலில் இரொனால்டு ராசு 1897ஆம் ஆண்டு ஆகத்து 20ஆம் நாள் செகந்தராபாத்தில் கண்டறிந்தார். இவ்வாய்வுக்காக 1902இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆகத்து 20 உலகக் கொசு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

வெள்ளமும் குடிநீரும்

மழை மிகுந்து வெள்ளமாகும்போது குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலக்கிறது. வயிற்றுப்போக்கு, குடற்காய்ச்சல், மஞ்சள் காமாலை ஆகியவை அதனால் பரவுகின்றன. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீரில் வெறுங்காலோடு நடப்போருக்குக் காலிலுள்ள புண் வழியாக எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். குடிநீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தல், குளோரின் இட்ட நீரையே பயன்படுத்துதல், உணவுக்கு முன்னும் கழிவறைக்குச் சென்று வந்த பின்னும் சோப்பினால் கைகழுவுதல் ஆகியவை மழைக்காலத்தின் இன்றியமையாத கடமைகளாகும்.

வயிற்றுப்போக்கினால் உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறுவதே உயிருக்கு ஊறு செய்கிறது. அவற்றை ஈடுசெய்யும் எளிய மருந்து உப்பு–சர்க்கரைக் கரைசலாகும். உப்பிலுள்ள சோடியமும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் குளுக்கோசும் குடற்சுவரில் இணைந்து உறிஞ்சப்படும்போது நீரும் உடன் ஈர்க்கப்படுகிறது. கடைகளிலும் அரசு மருத்துவ நிலையங்களிலும் கிடைக்கும் பொட்டலமே சிறந்தது. அது கிடைக்காதபோது, ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகப் புகட்டலாம். அளவு மிகாமல் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு நேரும்.

இக்கரைசலின் ஆற்றலை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் மருத்துவர் திலீப் மகலனாபிசு. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்காள எல்லையிலிருந்த ஏதிலியர் முகாமில் காலரா பரவியது. நரம்பின் வழியே செலுத்தும் நீர்மம் தீர்ந்துபோனது. அவர் உப்பையும் குளுக்கோசையும் பொட்டலங்களாகக் கட்டி நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு அவருடைய முகாமில் 3.6 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவம் பயிலாத தாயும் தமக்கையும் தம் கையாலேயே உயிர்களைக் காத்தனர் என்பதே அந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடமாகும்.

பனியும் மூச்சும்

மார்கழி, தைத் திங்களின் குளிர்ந்த காற்று தரையை ஒட்டியே தங்குகிறது. தூசியும் புகையும் மேலெழும்பிக் கலைவதில்லை. ஈளை நோயுள்ளோர், முதியோர், குழந்தைகள் ஆகியோர் மூச்சுத்திணறலுக்கு ஆளாகின்றனர். போகியன்று டயரும் நெகிழியும் எரிக்கப்படும் நகரங்களில் விடியற்காலையில் பனியும் புகையும் கலந்து சாலையே மறைந்துவிடுவதுண்டு. பழையன கழிதல் என்னும் அவ்விழாவின் நோக்கத்தை எரிக்காமலும் நிறைவேற்றலாம். பழைய பொருள்களைப் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைத்தலே அதற்கு வழியாகும். இருமுவோர் வாயை மூடுதலும், சளிக்காய்ச்சல் கண்டவர் கூட்டத்தைத் தவிர்த்தலும் பிறருக்குச் செய்யும் உதவிகளாகும்.

வேனிலும் வெம்மையும்

பின்பனி நீங்கி வெயில் ஏறும் காலத்தில் சின்னம்மை பரவுகிறது. அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகுவது தமிழக வழக்கம். அதனைக் கண்டவர் அவ்வீட்டுக்குள் செல்லத் தயங்குவர். நோயாளியும் வெளியே வருவதில்லை. கிருமியைப் பற்றிய அறிவியல் வளராத காலத்திலும் தனிமைப்படுத்துதலின் பயனை இவ்வழக்கம் தந்தது. கொப்புளங்கள் அனைத்தும் காய்ந்து பொருக்குக் கட்டும்வரை சின்னம்மை தொற்றும். அதுவரை மாணவர் பள்ளிக்குச் செல்லாதிருத்தலே முறையாகும்.

அம்மைக்கு மருந்துண்ணக் கூடாது என்னும் எண்ணம் மட்டும் களையப்பட வேண்டியது. கைக்குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அம்மை நோய்கள் பேரிடர் விளைவிக்கக்கூடும். அவர்கள் மருத்துவரை அணுகுதல் கட்டாயம். தட்டம்மைக்குத் தடுப்பூசி உண்டு. ஒன்பது மாதம் நிறைந்ததும் முதல் தவணையும், 16 முதல் 24 மாதங்களுக்குள் இரண்டாம் தவணையும் அரசால் கட்டணமின்றிப் போடப்படுகின்றன. ஊரில் மிகப் பலர் தடுப்பூசி போட்டுக்கொண்டால், இன்னும் அவ்வயதை எட்டாத பச்சிளங்குழந்தையை நோய் வந்தடையும் வழியே அடைபடுகிறது. பிறருடைய தடுப்பூசி அக்குழந்தைக்கு அரணாகிறது.

கத்திரி வெயில் காலத்தில் வயலிலும் கட்டுமானப் பணியிலும் உழைப்போரே பெரிதும் வருந்துகின்றனர். நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை வெயிலில் கடும்பணி செய்வதைத் தவிர்த்தலும், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்துதலும் வேண்டும். நீர்மோர், இளநீர், நுங்கு, கம்பங்கூழ் ஆகியவை வேனிலுக்கேற்ற உணவுகள். உடல்வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டி, பேச்சுத் தடுமாறி, நினைவு மயங்கினால் அது வெப்பத்தாக்கு ஆகும். அத்தகையோரை நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை நீரால் நனைத்து விசிறியபடியே 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். நினைவற்றவர் வாயில் நீர் ஊற்றுதல் கூடாது.

வேனிலில் வழிப்போக்கருக்காகத் தண்ணீர்ப்பந்தல் அமைப்பது தமிழரின் நெடுநாள் வழக்கம். முன்பின் அறியாதவரின் தாகத்தையும் தம் பொறுப்பாகக் கருதிய அப்பண்பே ஊர்நலத்தின் அடிப்படையாகும்.

ஊர்கூடிச் செய்வன

நோய் பரவிய பிறகு மருந்து தெளிப்பதைவிட, பருவம் தொடங்குமுன் ஆயத்தமாதல் எளிது, செலவும் குறைவு. அதற்கேற்ற வாய்ப்பு ஊர்களில் ஏற்கெனவே உள்ளது. மே 1ஆம் நாள் கூடும் கிராமசபை, கத்திரி வெயில் தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்னர் அமைகிறது. அக்டோபர் 2ஆம் நாள் கூடும் கிராமசபை, வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு மேல் முன்னதாக அமைகிறது. வேனிற்காலக் குடிநீர் ஏற்பாட்டை முன்னதிலும், வாய்க்கால் தூர்வாருதல், தொட்டிகளுக்கு மூடியிடுதல், வாராந்திர உலர் நாள் ஆகியவற்றைப் பின்னதிலும் ஊரார் முடிவு செய்யலாம். நகரங்களில் குடியிருப்போர் சங்கங்கள் இப்பணியை மேற்கொள்ளலாம்.

ஊர்நலம் அரசின் கடமையும் ஆகும். அன்றைய சென்னை மாகாணத்தில் 1939ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. குடிநீர், கழிவகற்றல், தொற்றுநோய்த் தடுப்பு ஆகியவற்றில் உள்ளாட்சிகளின் பொறுப்பை அச்சட்டம் வரையறுத்தது. குழாயில் கலங்கல் நீர் வந்தாலும், ஒரே தெருவில் பலருக்குக் காய்ச்சல் கண்டாலும் உடனே உள்ளாட்சிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் தெரிவிப்பது குடிமக்களின் உரிமையும் கடமையுமாகும். செய்தி ஒருநாள் முன்னதாகச் சென்றடைந்தால் பல வீடுகள் காக்கப்படும்.

தன் வீட்டுத் தொட்டியை மூடுபவர் அடுத்த வீட்டுக் குழந்தையையும் காக்கிறார். கார் தொடங்கி முதுவேனில் முடிய ஆறு பொழுதுகளிலும் இவ்வுணர்வு நிலைத்தால், பருவங்கள் வரும். அவற்றோடு வரும் பிணிகள் குறையும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் தெருவில் மழைநீர் தேங்கும் இடங்களைக் கணக்கிட்டு, அவற்றை நீக்கும் வழிகளைக் குறிப்பிட்டு அறிக்கை உருவாக்குக.
2. ஆறு பெரும்பொழுதுகளுக்கும் உரிய நலக்குறிப்புகளைக் கொண்ட நாள்காட்டி ஒன்றைக் குழுவாக உருவாக்கி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

வினாக்கள்

1. நீர்க்கலன்களை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டியதன் காரணத்தை எழுதுக.
2. வாயிலில் வேப்பிலை செருகும் வழக்கத்தின் பயன் யாது?
3. ‘ஒரு வீட்டின் நலம் ஊரின் நலத்தைச் சார்ந்தது’ – பாடப்பகுதியின் சான்றுகளைக் கொண்டு நிறுவுக.