பல்லில் புழு இல்லை

பாறசாலைப் பக்கம் ஒரு வீடு. சிறு பையன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"பல்லில் புழு விழுந்திருக்கு, அத்தை" என்றாள் தாய்.

"பால் பல்தானே மக்களே, விழுந்துவிடும்" என்றார் பாட்டி.

இவர்கள் சொன்னது சரியா?

பல்லில் புழு இல்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உண்டு. நாம் இனிப்புத் தின்றால் அவை அமிலத்தை உண்டாக்கும். அமிலம் பல்லைக் கரைக்கும். முதலில் வெள்ளைப் புள்ளி தோன்றும். பிறகு குழி விழும். இதுவே சொத்தை.

உமிழ்நீர் அமிலத்தைத் தணிக்கும். அதற்கு நேரம் வேண்டும். அடிக்கடி மிட்டாய், பிஸ்கட், சர்க்கரை போட்ட சாயா என்றால் நேரம் ஏது?

ஃபுளூரைடு என்னும் பொருள் பல்லை உறுதியாக்கும். அது உள்ள பற்பசையால் காலையிலும் இரவு படுக்கும் முன்பும் பல் தேய்ப்போம். உமிக்கரியால் இந்தப் பயன் கிடைக்காது. 3 வயதுக்குள் அரிசி அளவு பசை போதும். 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு. பசையை விழுங்கக் கூடாது. துப்ப வேண்டும்.

குடிநீரில் ஃபுளூரைடு மிகுந்தால் கேடு. தருமபுரி மாவட்டத்தில் பலருக்குப் பல்லில் கறை படிந்தது. எலும்பும் கெட்டது. அங்கே காவிரி நீர் தரும் ஒகேனக்கல் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது.

பால் பல்லும் முக்கியம். கடைவாய்ப் பால் பல் 10 வயது வரையாவது வேண்டும். சொத்தையை விட்டால் சீழ் பிடிக்கும். பிள்ளை சாப்பிடாது, தூங்காது. உடனே பல் மருத்துவரிடம் காட்டுவோம். திருவனந்தபுரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி உண்டு.

விடை எழுதுவோம்
1. சொத்தை எப்படி உண்டாகிறது?
2. உங்கள் வீட்டுப் பிள்ளை நேற்று எத்தனை முறை இனிப்புத் தின்றது?