செதிலுதிர் நோயும் ஆயுர்வேத சிகிச்சையும்

சில நோய்கள் உடலை வருத்துவதைக் காட்டிலும் நோயாளியின் மதிப்பையே மிகுதியாகக் குலைத்து விடுகின்றன. சோரியாசிஸ் எனப்படும் செதிலுதிர் நோய் அத்தகையது. முழங்கை, முழங்கால், தலை, முதுகின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் சிவந்த தடிப்புகள் தோன்றி, அவற்றின்மேல் வெள்ளி நிறச் செதில்கள் படிந்து உதிரும். இதைக் காணும் ஊரார் தொழுநோய் என்று அஞ்சி விலகுகின்றனர். தேநீர்க் கடையில் தனிக் குவளை, களையெடுப்புக்கு அழைப்பின்மை, பெண்ணின் திருமணப் பேச்சு முறிதல் ஆகிய துன்பங்கள் இதனால் நேர்கின்றன. பஞ்சாயத்து உறுப்பினர் முதலில் அறிய வேண்டிய உண்மை, இந்நோய் ஒட்டுவதன்று என்பதே. தொடுவதாலோ, ஒரே கிணற்று நீரில் குளிப்பதாலோ, உடன் உண்பதாலோ இது பரவாது.

நம் மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்திற்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக் கொள்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி பிறழும்போது இவ்வேலை சில நாள்களிலேயே நடந்துவிடுகிறது. முதிராத தோல் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து செதிலாகின்றன. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. சிலருக்கு மூட்டுகளும் வீங்கி, கையும் காலும் மடக்க இயலாமற் போகும்.

மேனாட்டிலும் நெடுங்காலம் இதைத் தொழுநோயோடு குழப்பியே வந்தனர். 1841-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவர் ஹீப்ரா இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். தொழுநோய்த் தேமலில் பெரும்பாலும் உணர்ச்சி குன்றியிருக்கும். செதிலுதிர் நோயில் உணர்ச்சி மாறாது, செதிலைச் சுரண்டினால் சிறு இரத்தப் புள்ளிகள் தோன்றும். எனினும் முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவரே. தொழுநோயே ஆயினும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் கூட்டு மருந்தினால் முற்றிலும் குணமாகும். ஆகவே அவரையும் ஒதுக்குவதற்கு நியாயமில்லை.

ஆயுர்வேத நூல்கள் தோல் நோய்களைப் பதினெட்டு வகைக் குஷ்டங்களாகப் பகுத்தன. அக்காலத்தில் அச்சொல் தொழுநோயை மட்டும் குறிக்கவில்லை. அவற்றுள் ‘ஏககுஷ்டம்’ வியர்வையின்றி, பரந்து, மீன் செதில் போன்றிருக்கும் என்ற குறிப்பு செதிலுதிர் நோயோடு பெரிதும் ஒத்துப்போகிறது. வாதமும் கபமும் கெடுவதே காரணம் என்பது அந்நூல்களின் கொள்கை. வைத்தியர் முதலில் மருந்து நெய் கொடுத்து, பின்னர் வாந்தி, பேதி ஆகியவற்றால் உடலைச் சுத்தி செய்வார்; அதன்பின் மஞ்சிஷ்டாதி கஷாயம், மகாதிக்தக நெய், வேம்பு, செங்கருங்காலி முதலியவற்றை வழங்குவார். பாலோடு மீன் உண்பது போன்ற பொருந்தா உணவுகளை விலக்கச் சொல்வார். இச்சுத்தி முறைகளைக் கர்ப்பிணிகளும் மெலிந்த முதியோரும் தாமாக மேற்கொள்ளலாகாது.

புதுச்சேரிப் பகுதியில் ஆயுர்வேதத்தைவிடச் சித்த வைத்தியமே மக்களுக்கு நெருக்கமானது. அங்கு இந்நோய்க்குக் காளாஞ்சகப்படை என்று பெயர். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டுச் சில நாள் வெயிலில் வைக்க, எண்ணெய் ஊதா நிறமாகும், அதுவே மேற்பூச்சு. அந்நிறத்திற்கு ஒரு காரணமுண்டு. வெட்பாலை இலையில் அவுரியில் உள்ளது போன்ற நீலச்சாயப் பொருள்கள் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவுரியிற் தோய்த்த நீலத் துணிகளைக் கப்பலேற்றிய ஊர் புதுச்சேரி என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சீன வைத்தியத்திலும் நீலச்சாயப் பொடி இந்நோய்க்கு வழங்கி வருகிறது. தைவான் நாட்டு மருத்துவர்கள் அதைக் களிம்பாக்கிச் சோதித்து நற்பலன் கண்டதை 2008-இல் வெளியிட்டனர்.

வெட்பாலையைக் குடசப்பாலையென மயங்குவோர் பலர். வெட்பாலையின் இரட்டைக் காய்கள் நுனியில் ஒட்டித் தொங்கும்; குடசப்பாலையின் காய்கள் பிரிந்தே இருக்கும்.

எந்த வைத்தியமும் இந்நோயை வேரோடு களைவதில்லை. அடக்கி வைக்கலாம், அவ்வளவே. ‘ஒரே மாதத்தில் பூரண குணம்’ என்று சந்தையில் கூவி விற்கப்படும் பொடிகளை நம்பலாகாது. அவற்றுள் ஸ்டீராய்டு மருந்து மறைவாகக் கலந்திருந்தால் முதலில் தோல் பளிச்சென்று தெளியும். நிறுத்தியவுடன் நோய் முன்னிலும் கடுமையாகச் சீறும். சரியாகச் சுத்தி செய்யப்படாத இரசமும் பாஷாணமும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருத்துவமனை மருந்து உண்போர் அதைத் திடீரென நிறுத்தாமல், இரு மருத்துவர்க்கும் மற்றதைச் சொல்லிவிட வேண்டும். உடலெங்கும் சிவந்து காய்ச்சல் கண்டாலும், சீழ்க் கொப்புளம் எழுந்தாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தொண்டைப் புண், மனக் கவலை, தோற்காயம், புகை, மது ஆகியவை நோயைக் கிளறிவிடும். மதுவைப் பற்றிப் புதுச்சேரியில் எடுத்துச் சொல்வது சற்றுக் கடினமே. ஆயினும் சொல்லத்தான் வேண்டும். குளித்தவுடன் ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய் தடவுவதும், காலை இளவெயிலில் சிறிது நேரம் இருப்பதும் செலவில்லாத உதவிகள்.

பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டுப் பகுதியினர் நோயை உறுதிசெய்து கொள்ள ஜிப்மர் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் செல்லலாம். சித்த சிகிச்சைக்கு மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் வட்டார நிலையம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. சீட்டில் எழுதிய நோயின் பெயரைத் தேநீர்க் கடைக்காரருக்கும் பள்ளித் தலைமையாசிரியருக்கும் நோயாளியின் சம்மதத்தோடு பஞ்சாயத்து உறுப்பினரே எடுத்துரைப்பாராயின், தனிக் குவளை அன்றே மறையக்கூடும்.