போர்க்காலச் செவிலியமும் இயன்முறை மருத்துவமும்: முக்கியக் குறிப்புகள்

புதுச்சேரி செவிலியர், இயன்முறை மருத்துவர் பணித் தேர்வுகளுக்கு

இராணுவச் செவிலியர் பணி
• தொடக்கம்: 28.3.1888. பயிற்சி பெற்ற 10 பிரிட்டிஷ் செவிலியர் பம்பாய் வருகை.
• 1914: இந்தியச் செவிலியர் முதன்முறையாகச் சேர்ப்பு. அதே ஆண்டு ‘டாண்டா’ கப்பல், சென்னைப் போர் நிதியால் ‘மெட்ராஸ்’ என்னும் மருத்துவமனைக் கப்பலாக மாற்றம்.
• 1.10.1926: நிரந்தரப் பணியாக உருவாக்கம்.
• 1943 அவசரச் சட்டம்: செவிலியருக்கு இராணுவ அதிகாரி தகுதி.
• கெர்ட்ரூட் அலிஸ் ராம்: மேஜர் ஜெனரல், 1976. இந்தியாவில் இத்தகுதி பெற்ற முதல் பெண். மருத்துவர் அல்லர், செவிலியர்.
• புனிதா அரோரா: முதல் பெண் லெப்டினன்ட் ஜெனரல், 2004. மருத்துவர். (மேற்கண்ட குறிப்புடன் குழப்பத்துக்கு இடமுண்டு.)

சந்த் பீபி செவிலியர் பிரிவு
• தாய்ப்படை: இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணி படை.
• ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் திறப்பு: 22.10.1943, சிங்கப்பூர்.
• ஜான்சி ராணி படைத் தளபதி: கேப்டன் லட்சுமி (1914–2012). சென்னை மருத்துவக் கல்லூரி, எம்.பி.பி.எஸ். 1938. பத்ம விபூஷண் 1998.
• ஜானகி ஆதி நாகப்பன்: கோலாலம்பூர், படையின் முன்னணி அதிகாரி, பத்மஸ்ரீ 2000.
• களம்: பர்மாவின் மேமியோ. இம்பால் போரில் காயமுற்றோர், மலேரியா, வயிற்றுக்கடுப்பு நோயாளிகள்.
• படையினர்: பெரும்பாலோர் மலேயா ரப்பர் தோட்டத் தமிழ்ப் பெண்கள், பலர் இந்திய மண்ணையே பாராதவர்கள். பாடநூல்கள் லட்சுமியின் பெயரோடு நின்றுவிடுவது பெருங்குறை.

போரும் மசாஜ் பணியும் (இயன்முறை மருத்துவத்தின் முன்னோடி)
• பயிற்சி பெற்ற மசாஜ் பணிப்பெண்கள் சங்கம்: இலண்டன், 1894. நிறுவியோர் 4 செவிலியர்: லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பாமர்.
• நோக்கம்: மசாஜ் என்ற பெயரில் நடந்த முறைகேடுகளிலிருந்து தொழிலின் நற்பெயரைக் காத்தல்.
• தொடக்க விதிகள்: மருத்துவர் ஆணையின்றிச் சிகிச்சை இல்லை; மருத்துவர் தனியாகக் கேட்டாலன்றி ஆண்களுக்கு உடல் முழுதும் மசாஜ் இல்லை; மருத்துவ இதழ் தவிர வேறெங்கும் விளம்பரம் இல்லை; நோயாளிக்கு மருந்து விற்பனை இல்லை.
• இரண்டாம் விதியைத் தகர்த்தது முதல் உலகப் போர்.
• அல்மெரிக் பேஜட் மசாஜ் படை: ஆகஸ்ட் 1914, 50 பெண்கள். 1916இல் பெயரில் ‘இராணுவ’ என்ற சொல் சேர்ப்பு. 1917 முதல் கடல் கடந்த பணி.
• சிகிச்சை பெற்றோர்: மூட்டு விறைத்தோர், நரம்பு அறுபட்டோர், கை கால் இழந்தோர். முறைகள்: நீவுதல், பயிற்சி, மின்தூண்டல்.
• மேற்கண்ட சங்கத்துக்கு அரச சாசனம்: 1920.

எலிசபெத் கென்னி (1880–1952)
• ஆஸ்திரேலிய இராணுவச் செவிலியர். முதல் உலகப் போரில் காயமுற்றோரை ஏற்றிய கப்பல்களில் பணி. முறையான செவிலியர் பட்டம் இல்லாதவர்.
• ‘சிஸ்டர்’: கன்னியாஸ்திரி என்பது தவறு, இராணுவச் செவிலியர் தரநிலை.
• இளம்பிள்ளைவாதச் சிகிச்சை: கம்பளித் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூட்டை விட்டுவிட்டுத் தசைமேல் மட்டும் சுற்றுதல்; வலி தணிந்தபின் தசைக்கு மறுபயிற்சி.
• அன்றைய வழக்கம் இதற்கு நேர் எதிர்: கட்டையில் கட்டி அசையாமல் கிடத்துதல். பட்டமற்ற ஒரு செவிலியர் மருத்துவ உலகை எதிர்த்து நின்ற துணிவு போற்றத்தக்கது.
• மின்னியாபொலிஸ் கென்னி நிறுவனம்: 1942.

இந்தியா
• முதல் இயன்முறை மருத்துவப் பள்ளி: கே.இ.எம். மருத்துவமனை, பம்பாய், 1953. காரணம்: இளம்பிள்ளைவாதப் பரவல்.
• மேரி வர்கீஸ்: வேலூர் சி.எம்.சி.; 1954 விபத்தில் கால்கள் செயலிழப்பு; சக்கர நாற்காலியிலிருந்தே மறுவாழ்வு மருத்துவத் துறை உருவாக்கம். பத்மஸ்ரீ 1972.
• இயற்கை வைரசால் பாதிக்கப்பட்ட கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி: 13.1.2011, ஹவுரா. ஒழிப்புச் சான்று: 27.3.2014.

புதுச்சேரி
• இரண்டாம் உலகப் போரில் சுதந்திர பிரான்சு பக்கம் சேர்தல்: செப்டம்பர் 1940, ஆளுநர் லூயி பொன்வேன்.
• ஜிப்மரின் முன்னோடி: பிரெஞ்சு மருத்துவப் பள்ளி, 1823. ஜிப்மர் என்ற பெயர்: 1964.
• புதுச்சேரிப் பகுதியின் கொம்யூன் பஞ்சாயத்துகள் 5: அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர்.
• மருத்துவக் கல்லூரி உள்ள ஊர்களுள் சில: வில்லியனூர் கொம்யூனில் அரியூர்; பாகூர் கொம்யூனில் பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம்.