சங்குப்பூக் கொடி

மும்பையில் ஒரு குடியிருப்பு. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வீடு. மாமியாரின் பூஜைக்குத் தினமும் பூ வேண்டும். பூ விலையோ அதிகம்.

மருமகள் சங்குப்பூ விதைகளை ஓர் இரவு நீரில் ஊற வைத்தாள். பழைய வாளியின் அடியில் துளை போட்டாள். மண்ணும் மக்கிய எருவும் நிரப்பினாள். விதைகளை ஊன்றினாள். கொடி படரக் கயிறு கட்டினாள்.

இரண்டு மாதம் ஆனது. கொடி படர்ந்தது. ஆனால் பூக்கவில்லை.

ஒரு நாள் வாளிக்கு அடியில் இருந்த தட்டை மாமியார் பார்த்தார். தேங்கிய நீரில் கொசுப்புழுக்கள் நெளிந்தன.

"பூவைக் காணோம். கொசுதான் வளருது. பேரனுக்கு டெங்கு வந்தால் என்ன செய்வது? தூக்கிப் போடு!"

"தப்பு கொடி மேல் இல்லை, அத்தை. என் மேல்தான்" என்றாள் மருமகள்.

கொசு முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். நீரைக் கொட்டினால் மட்டும் போகாது. அதனால் தட்டைத் தேய்த்துக் கழுவினாள். வாரம் இரண்டு முறை இப்படிச் செய்தாள். மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றினாள். நல்ல வெயில் இல்லாமல் சங்குப்பூ பூக்காது. எனவே வாளியை மூலையிலிருந்து வெயில் விழும் ஜன்னலுக்கு மாற்றினாள்.

சில வாரங்களில் நீலப் பூக்கள் மலர்ந்தன. முதல் பூவை மாமியாரே பறித்தார். இப்போது தட்டைக் கழுவுவதும் அவர்தான்.

யோசியுங்கள்: உங்கள் வீட்டில் எங்கெல்லாம் நீர் தேங்குகிறது?