மீனாவின் விசா

அன்புள்ள கார்த்தி,

யீவூவில் குளிர் ஆரம்பித்திருக்கும். வட சீனத்து ஊர்களில் இருப்பதுபோல் வீடுதோறும் பொதுவான வெந்நீர்க் குழாய்ச் சூடு உங்கள் பக்கம் கிடையாது, வீட்டுக்குள்ளேயும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவள் மீனா என்பதால் சொல்கிறேன்.

"அவளுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை" என்கிறாய். இருக்காதுதான். ஆனால் அவள் அங்கே இருப்பதே உன் பெயரில்தான் இருக்கிறது. உனக்கு வேலை அனுமதி. அவளுக்கு, எஸ்1 விசாவில் வந்து வாங்கிய, உன்னைச் சார்ந்த தங்கும் அனுமதி. அதை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூடச் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. பார்த்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், காவலில் வைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. "நாலு பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கட்டுமே" என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. உன் கம்பெனி உன்னை விட்டால் அவள் அனுமதியும் கூடவே போகும். சிம் கார்டு உன் பாஸ்போர்ட்டில். வீசாட் பணம் உன் கணக்கில். வீடு மாறினால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் பதிவதும் நீதான். இங்கே பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் பாடம் எடுத்தவள், கீரை வாங்கக் கணவனிடம் காசு அனுப்பச் சொல்லி மெசேஜ் போடுகிறாள்.

சிம்மும் பணமும் ஒரு மத்தியான வேலை. அவள் பாஸ்போர்ட்டைக் காட்டி அவள் பெயரிலேயே எண் வாங்கலாம். வெளிநாட்டு வங்கி அட்டையை வீசாட்டிலும் அலிபேயிலும் இணைப்பது 2023-இலிருந்து எளிதாகிவிட்டது. பெரிய காரியம் படிப்பு. ஜின்ஹுவாவில் ஜெஜியாங் நார்மல் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதிவேக ரயிலில் அரை மணிகூட ஆகாது. வெளிநாட்டவருக்கான சீன மொழி வகுப்பில் முறையாகச் சேர்ந்தால், மாணவி என்று அவள் பெயரிலேயே தங்கும் அனுமதி கேட்கலாம். எச்எஸ்கே என்கிற சீன மொழித் தேர்வின் சான்றிதழ் எங்கே போனாலும் அவளுடையது.

"போனே மொழிபெயர்த்துவிடுகிறதே" என்பாய். காய்கறிச் சந்தைக்கு அதுகூட வேண்டாம். அங்கே ஒரு ஜின் என்றால் அரைக் கிலோ. ஆறுக்குக் கட்டைவிரலும் சுண்டுவிரலும், எட்டுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீட்டுவார்கள். தண்டுக்கீரையும் பாகற்காயும் விரலாலேயே வாங்கிவிடலாம். ஆஸ்பத்திரியில் என்ன செய்வாள்? பதிவுக்கு ஒரு பணம், பரிசோதனைக்கு ஒரு பணம், மருந்துக்கு ஒரு பணம். வலி எங்கே தொடங்கி எங்கே இழுக்கிறது என்பதைப் போனில் தட்டித் தட்டியா டாக்டரிடம் நீட்டுவது, அதுவும் நீ வேலையில் இருக்கும்போது? இந்தியாக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதும் சரி. எழுபத்தைந்தாயிரத்துக்கும் மேல் கடை உள்ள யீவூ மொத்தச் சந்தைக்கு வராமல் இருப்பார்களா? வந்து, ஆர்டர் கொடுத்து, கண்டெய்னர் ஏற்றிவிட்டுப் போகிறவர்களின் பேச்சு அவளுக்கு எதற்கு உதவும்? சாயங்காலம் திடலில் பாட்டுப் போட்டு ஆடுகிற உள்ளூர்ப் பெண்களோடு நாலு வார்த்தை பேச முடிந்தால் அது துணை.

"இரண்டு வருஷம்தானே அத்தை" என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகச் சீனா எல்லையைச் சாத்தியபோது, செல்லுபடியாகும் தங்கும் அனுமதி கையில் இருந்தவர்களையும் உள்ளே விடவில்லை. அந்த வருஷம் நின்ற இந்தியா-சீனா நேரடி விமானம் 2025 அக்டோபரில்தான் மறுபடி பறந்தது. நாம் போடுகிற கணக்கு இவ்வளவுதான்.

முடிவு உங்கள் இருவருடையது. மீனா படிக்கலாம், திரும்பி வந்து வேலையைத் தொடரலாம், இப்படியே இருக்கவும் செய்யலாம், ஆனால் இப்படியே விட்டுவிட நீ சம்மதிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அடுத்த பருவம் சீனப் புத்தாண்டு கழிந்து தொடங்கும். இந்த வாரமே விசாரித்துவிடு.

திட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, கண்ணா. நம் வீட்டில் பெண்டாட்டிக்குக் காய் நறுக்கிக் கொடுக்கிற ஒரே ஆம்பிளை நீதான், அதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, மீனாவுக்குப் பிடித்த எள்ளுருண்டை எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன், உன் கம்பெனி ஆள் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். வேறென்ன வேண்டுமென்றாலும் கேள், எவ்வளவு வேண்டுமானாலும் கேள். அவளை என்னிடம் தனியாகப் பேசச் சொல்.

அன்புடன்,
உன் பெரிய அத்தை