அழுகண்ணியும் கண்ணாடித் தொட்டியும்

பூச்சியுண்ணும் செடிகளை வீட்டில் வளர்க்க விரும்புவோர் முதலில் தேடுவது பழைய மீன்தொட்டியும் அதற்கொரு மூடியுமே. மட்டாஞ்சேரியில் அந்த மூடிதான் செடிக்கு எமன் என்பது என் துணிபு.

மூடிய கண்ணாடிப் பெட்டி லண்டனில் பிறந்தது. 1829-இல் மருத்துவர் நதானியேல் வார்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணுடன் சீசாவில் அடைத்து வைத்தார். மண்ணில் பெரணி முளைத்தது! கரிப்புகையில் வெளியே வாடிய பெரணி உள்ளே செழித்தது. அந்நகருக்கு அது சரி. ஆனி, ஆடியில் துணியே காயாத கொச்சிக்கு மூடி எதற்கு? அழுகண்ணி வெட்டவெளிச் செடி. காலடியில் ஈரம், தலைக்கு மேல் வெயிலும் காற்றும். இதுவே அதன் இயல்பு.

காற்று அசையாத தொட்டியில் இலைமீது நீர் படிந்து நிற்கும். எங்கும் மிதக்கும் பூஞ்சண வித்துகளுக்கு அது போதும். 'பொட்ரைட்டிஸ்' என்னும் சாம்பற் பூஞ்சணம் பெரும்பாலும் காய்ந்த இலையிலும் வாடிய பூவிலும் குடியேறிப் பிறகே பச்சை இலைக்குத் தாவும். ஆகவே கருகிய இலையை அன்றன்றே கத்தரித்து எறிக. மண்மீது படரும் வெண்ணூல் வேறு. அது பெரும்பாலும் மட்கையே தின்னும். அதற்கு அஞ்ச வேண்டா.

உணவூட்டுவதில்தான் பலர் வரம்பு மீறுகின்றனர். டார்வின் 1875-இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனையைக் கூறுகிறார். ஒரே அளவுள்ள இரு இறைச்சித் துண்டுகளில் ஒன்றை அழுகண்ணி இனத்தின் இலையிலும், மற்றொன்றை ஈரப்பாசியிலும் வைத்தார். இரண்டு நாளில் பாசியிலிருந்தது அழுகி நுண்ணுயிர்கள் மொய்த்தன, இலையிலிருந்ததோ கெடவில்லை. இலையின் சாறே அழுகலைத் தடுக்கும் மருந்து! ஆனால் அச்சாறு நனைக்கும் அளவுக்கே காவல். இலையைவிடப் பெரிய ஈயை வைத்தால் எஞ்சியது பூஞ்சணத்துக்கு விருந்தாகும். இலைக்கொரு சிற்றெறும்பு போதும்.

மிளகுக் கொடிக்குத் தெளிக்கும் போர்டோ கலவையை இதற்குத் தெளிக்கலாமா என்று கேட்பதுண்டு. கூடாது. அதிலுள்ள செம்பு இச்செடிகளுக்கு ஆகாது. சுண்ணாம்போ புளிப்பு மண்ணைக் கெடுத்துவிடும். இவ்வூர்க் கிணற்று நீர் உப்பு, மழைநீரே நன்று. தென்னைநார்க் கழிவை இட்டால் உப்புப் போகப் பன்முறை அலசுக. தொட்டியைச் சன்னலோரம் திறந்து வைத்து, மழைநாளில் சிறு விசிறியை மெல்ல ஓடவிடுக.

இவ்வளவு செய்தும், விதை முதிர்ந்தபின் அழுகண்ணி கருகினால் பூஞ்சணத்தைப் பழிக்க வேண்டா. நம் நாட்டு அழுகண்ணிகள் பெரும்பாலும் ஓராண்டுச் செடிகளே. விதைகளைத் தாளில் தட்டி எடுத்து வையுங்கள்.